மோலி மீனைக் கடல் உப்புக்குப் பழக்கிய அனுபவம்

பிளாக் மோலியைக் கடையில் நன்னீர் மீன் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் அதன் சொந்தக்கார மீன்கள் ஆற்றிலும் இருக்கின்றன, கழிமுகத்திலும் இருக்கின்றன, கடலோரச் சதுப்பிலும் திரிகின்றன. கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் மோலியை உப்புக்குப் பழக்குவது ரொம்ப காலமாக நடப்பதுதான். நான் பார்க்க விரும்பியது, அப்படி மாறும்போது மீனுக்கு எந்த இடத்தில் சுலபம், எந்த இடத்தில் சிரமம் என்பதை.

40 லிட்டர் தொட்டி, ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப். அடியில் மணலோ கல்லோ போடவில்லை. காரணம் பின்னால் வருகிறது. கொளத்தூரில் வாங்கிய ஆறு இளம் மோலிகள். உப்பின் அளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர்.

உப்பு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. கடல் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்புதான் வேண்டும். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னாலேயே படிந்துவிடும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நடுவில் வாருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. அதனால் மரக்காணத்துக் கல் உப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. மீனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இனி முக்கியமான சங்கதி. மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, லிட்டருக்கு 9, 10 கிராம் உப்புள்ள நீருக்குச் சமம். கடல்நீரில் சுமார் 35 கிராம். நன்னீரில் இருக்கும்போது வெளித் தண்ணீர் செவுள் வழியாக உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும். மீன் தண்ணீரே குடிப்பதில்லை என்று சொல்லலாம். நீர்த்த சிறுநீரை ஓயாமல் வெளியேற்றி, நழுவிப் போகும் உப்பைச் செவுளால் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. கடலில் எல்லாம் தலைகீழ். உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு மாதிரி உடம்பு தண்ணீரை இழக்கும். அதனால் மீன் கடல்நீரைக் குடிக்கிறது, கூடவே வரும் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. கடல்மீன் தண்ணீர் குடிப்பதை 1930ல் ஹோமர் ஸ்மித் எழுதினார். உப்பை வெளியேற்றும் செல்கள் விலாங்கின் செவுளில் இருப்பதை 1932ல் ஆன்செல் கீஸும் வில்மரும் காட்டினார்கள்.

ஆக, 10 கிராம் அளவில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதுவரை உப்பு ஏற ஏற மீனின் பாடு குறையத்தான் செய்யும். அதைத் தாண்டினால்தான் செவுளும் குடலும் வேறு வேலைக்கு மாற வேண்டும். ‘மெதுவாக ஏற்று, தினமும் ஒரே அளவு ஏற்று’ என்று சொல்வதைவிட, எங்கே நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்பது முக்கியம் என்று எனக்குப் பட்டது. 10 வரை ஓரளவு வேகமாகவே போனேன்.

அதற்கே பலன் தெரிந்தது. வாங்கி வந்தபோது இரண்டு மீன்களுக்கு அந்த நடுக்கம் இருந்தது. மோலி வளர்த்தவர்களுக்குத் தெரியும்: நகராமல் ஒரே இடத்தில் நின்றபடி உடம்பை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருக்கும், துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கும். 5 கிராம் தாண்டியதும் ஆட்டம் குறைந்தது. 10ல் துடுப்பு முழுசாக விரிந்தது, தீனிக்குப் பாய்ந்து வந்தன.

10ல் அப்படியே நிறுத்திவைத்தேன். மீன் நன்றாக இருக்கும்போது எதற்கு நிறுத்த வேண்டும் என்று தோன்றும். இங்கே நிறுத்தியது ஃபில்டருக்காக. ஸ்பான்ஜில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் உப்புக்குப் பழக வேண்டுமே! உப்பு ஏறினால் அவற்றின் வேலை மந்தமாகும். சில வகைகள் ஒடுங்கிப்போக, உப்பைத் தாங்கும் வகைகள் பெருகி அந்த இடத்தைப் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா லேசாக நிறம் காட்டியது. தீனியைப் பாதியாக்கினேன். அந்த நிறம் மறைந்து, அம்மோனியா இல்லை என்று காட்டும் மஞ்சளிலேயே நிலைக்கும் வரை உப்பைத் தொடவில்லை. உப்புக்கு மாற்றும்போது சாகும் மீன்களில் பல, உப்பால் சாகாமல் அம்மோனியாவால்தான் சாகின்றன என்பது என் கணிப்பு.

அப்புறம் ஏற்றம். தண்ணீர் மாற்றும்போது மட்டும் உப்பைக் கூட்டினேன், ஒரு தடவைக்கு 2 கிராமுக்கு மேல் போகவில்லை. 14, 15 பக்கம் வந்தபோது மீன்களின் போக்கு மாறியது. செவுள் மூடி அடிக்கும் வேகம் கூடியது, தீனியில் பழைய வெறி இல்லை, ஏர் கல் பக்கமே கூடி நின்றன. செவுளில் புதுச் செல்கள் உருவாகி, சோடியத்தைத் தள்ளும் புரதங்கள் கூட வேண்டும்; அதற்குச் சில நாள் பிடிக்கும். உப்புநீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. ஒரே வெப்பநிலையில், முழுக் கடல்நீர் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் பிடித்துவைக்கும். நம் சென்னை வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. இன்னொரு ஏர் கல் போட்டுவிட்டு, செவுள் வேகம் இறங்கும் வரை அங்கேயே நின்றேன். இறங்கியது. அதற்குப் பிறகு 35 வரை பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை.

தொட்டியில் மற்றவற்றின் கதி வேறு மாதிரி. வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி முதலில் தாக்குப்பிடித்தது, 10 தாண்டியதும் இலை கண்ணாடி மாதிரி வெளுத்துக் கரைய ஆரம்பித்தது, எடுத்துவிட்டேன். வட்ட நத்தைகளை முன்னாலேயே வேறு தொட்டிக்கு மாற்றியிருந்தேன். எவ்வளவு மெதுவாகப் போனாலும் எல்லா உயிருக்கும் பழக்கம் கைகூடாது. மாறுவதற்கான வசதி உடம்பில் ஏற்கெனவே இருக்க வேண்டும். மோலிக்கு அந்த வசதி பரம்பரைச் சொத்து. பழவேற்காட்டு மடவையையும் கொடுவாவையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரியின் உப்பு சரிந்துவிடும், கோடையில் கடலையே மிஞ்சும். வருஷா வருஷம் அந்த மீன்கள் செவுளைத் திருப்பிக்கொண்டுதான் பிழைக்கின்றன.

இதையும் பரிணாமத்தையும் போட்டுக் குழப்பக் கூடாது. என் தொட்டியில் நடந்தது ஒரே மீன் தன் ஆயுளுக்குள் மாறியது. மெக்சிகோவின் தபாஸ்கோ பகுதியில், ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த நச்சு ஊற்றுகளில் வாழும் மோலி இனங்கள் உண்டு. பக்கத்து ஓடையின் சாதாரண மோலியை அந்த நீரில் விட்டால் அதிகம் தாங்காது. அந்தத் தாங்குதிறன் எத்தனையோ தலைமுறைகளில் தேர்வாகி வந்தது.

இப்போது வெறும் தரை விவகாரம். கடல்நீர் குடிக்கும் மீனின் குடல், அந்த நீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கார்பனேட்டாகப் படியவைத்துவிடும். அப்போதுதான் மிச்சத் தண்ணீரை உறிஞ்ச முடியும். அந்தப் படிவு வெள்ளைத் துணுக்குகளாக வெளியே வரும். உலகக் கடல்களில் உருவாகும் கார்பனேட்டில் 3 முதல் 15 சதவீதம் மீன்களின் குடலிலிருந்து வருவதாக 2009ல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதை என் தொட்டியில் பார்த்தே ஆக வேண்டும் என்றுதான் தரையைக் காலியாக விட்டேன். 35க்கு வந்து நிலைத்த பிறகு ஒரு நாள் தீனி போடாமல் விட்டேன். மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடித் தரையில் சளி சுற்றிய வெள்ளை நூல்கள், அரிசிக் குருணையைவிட மெல்லியவை. நன்னீர்த் தொட்டியில் வெள்ளைக் கழிவைக் கண்டால் வயிற்று நோய் என்று பதறுவோம். சொட்டுக்குழாயால் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசி, கண்ணாடித் தகட்டில் வைத்து வினிகர் ஒரு சொட்டு விட்டேன். மொபைலில் மாட்டும் லென்ஸ் வழியாகப் பார்த்தபோது நூலின் ஓரத்தில் பொடிக் குமிழ்கள் கிளம்பின, நூல் கரைந்து சளி மட்டும் மிஞ்சியது. அந்த மீன் கடல்நீரைக் குடிக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். தினசரி குறையும் மட்டத்தை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் நிரப்பினால் அளவு தானாக ஏறிவிடும்.

முழு உப்பில் முதல் ஈட்டுக் குட்டிகள் பிறந்து, ஆர்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலைத் தின்று வளர்கின்றன. கொஞ்சம் பெரிதானதும் பாதியைப் பிரித்து நன்னீருக்கு இறக்கிப் பார்க்கப் போகிறேன். அந்தப் பயணத்தில் முன்னின்று வேலை செய்யும் ஹார்மோன் புரோலாக்டின். அதைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை நீக்கிய கில்லி மீன் (உப்புநீரிலும் நன்னீரிலும் வாழும் சின்ன மீன்) நன்னீரில் செத்துப்போகும், புரோலாக்டின் கொடுத்தால் பிழைக்கும் என்று கிரேஸ் பிக்ஃபோர்டும் பிலிப்ஸும் 1959ல் காட்டினார்கள். கடல்நீரில் பிறந்து நன்னீரையே பார்க்காத குட்டிக்கு இறக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். இந்தத் தடவையும் 10ல் ஒரு நிறுத்தம் உண்டு. அதற்குக் கீழே ஒவ்வொரு கிராமாகத்தான் இறக்குவேன்.