வெள்ளணு குறைந்த பிள்ளையும் வைக்கோல் தூசியும்

லியுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்தேற்றிக்கொண்டு வன்னிக்குத் திரும்பும் பிள்ளைக்கு, வீட்டில் இருக்கும் நாட்களில்தான் கூடக் கவனம் வேண்டும். மருந்து நோயணுக்களோடு சேர்த்து நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களையும் அடித்துவிடும். அவை ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 500க்குக் கீழே இறங்கி, பத்து நாளுக்கு மேல் ஏறாமலே கிடந்தால் பங்கசு (பூஞ்சணம்) தொற்றுவதற்கு வழி திறந்துவிடும். கூடவே டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரொயிட்டும் போகிறதென்றால் எதிர்ப்புச் சக்தி இன்னும் விழும்.

அஸ்பெர்ஜிலசு என்ற பங்கசின் வித்து 2, 3 மைக்ரோன் அளவுதான். நேரே நுரையீரலின் அடிவரை போகும். மாசி, பங்குனியில் காலபோக அரிவுவெட்டு நடக்கும்போது எங்கும் தூசி. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோலைச் சில கிழமை கழித்து உலுப்பிப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் புகைபோல எழும்பும், மூக்கில் பூஞ்சண மணம் அடிக்கும். அந்தப் புகைக்குள் கோடிக்கணக்கான வித்துகள் இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் போடும் இடம், எருக்கும்பி, பழைய சுவர் இடிக்கும் இடம், கிடுகு மாற்றும் கூரை, இவற்றின் பக்கம் பிள்ளை போகவே கூடாது. துணி மாஸ்க்கை நம்பி விடாதீர்கள், இந்த வித்தை அது மறிக்காது. பிள்ளை படுக்கும் அறையை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வயலுக்குப் போய் வந்தவர் குளித்து உடுப்பு மாற்றிய பிறகு தூக்கட்டும்.

பூஞ்சணம் பிடித்த ஒடியல், கச்சான், பாண் எதுவானாலும் பழுதான இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். பூஞ்சண இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் ஓடியிருக்கும்.

நாளுக்கொரு தடவை டோர்ச் அடித்து வாயைப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தில் தயிர் ஒட்டினதுபோல வெள்ளைப் படை, துடைத்தால் கீழே சிவப்பு என்றால் அது கன்டிடா என்ற பங்கசு. அதற்கு நிஸ்டட்டின் துளிகள் தந்தால் உடனே விழுங்க விடாமல் வாய்க்குள் சுழற்றச் சொல்லுங்கள். பிறகு அரை மணித்தியாலம் சாப்பாடு, தண்ணீர் வேண்டாம். பாமசியில் நீங்களாக புளுகொனசோல் என்ற பங்கசு மருந்தை வாங்கவே கூடாது. அது அஸ்பெர்ஜிலசைத் தொடாது. அந்த வகை மருந்துகள் வின்கிறிஸ்டின் என்ற லியுகேமியா மருந்தை உடம்பில் தேங்கவும் வைக்கும்: கடும் மலச்சிக்கல், தாடை நோ, பாதம் தூக்க ஏலாமை வரும். இட்ராகொனசோல், வொரிகொனசோல் என்றால் இன்னும் மோசம். டொக்டரே எழுதினாலும் "வின்கிறிஸ்டின் எப்ப போட்டது" என்பதை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் 38 பாகை, அதாவது பரனைட்டில் 100.4, தொட்டால் பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கவே வேண்டாம். பனடோல் காய்ச்சலை மறைக்கும், தொற்று உள்ளே வளரும். ஆசனவாயில் வெப்பமானி வைக்கவும் கூடாது, மருந்தும் வைக்கக் கூடாது. மல்லாவியோ புதுக்குடியிருப்போ, கிட்ட இருக்கும் வைத்தியசாலைக்கு அந்த நேரமே போய், வரிசையில் நிற்காமல் "கீமோ போடுற பிள்ளை, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். முதல் அன்டிபயோட்டிக் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறவேண்டும்.

நல்ல அன்டிபயோட்டிக் நாலு நாள் ஏறியும் காய்ச்சல் விடவில்லையா? அப்போது பங்கசைப் பற்றிக் கேளுங்கள். பக்டீரியா மருந்து அதற்கு வேலை செய்யாது. எக்ஸ்ரே துப்பரவாக இருந்தாலும் நெஞ்சு சீ.டி. ஸ்கானில் கட்டிகள் தெரியலாம். கஸ்பொபன்ஜின் அல்லது அம்போடெரிசின் தொடங்குவார்கள். அம்போடெரிசின் ஏறும்போது நடுக்கம் வரலாம், பொட்டாசியம் இறங்கும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆகவே அடிக்கடி இரத்தம் எடுப்பதைத் தடுக்காதீர்கள்.

ஒரு பக்கக் கன்னமோ கண்ணோ வீங்கினால், மூக்கில் கறுப்புச் சளி வந்தால், அண்ணம் கறுத்தால், அது மியூக்கோர் என்ற பங்கசாக இருக்கலாம். நாளைக்கு என்று தள்ள இடமில்லை, அன்றே ஓடுங்கள். ஸ்டெரொயிட்டும் அஸ்பரஜினேஸ் என்ற லியுகேமியா மருந்தும் இரத்தத்தில் சீனியை ஏற்றும் நாட்களில் இதற்கு இன்னும் வசதி.

கிழமைக்கு இரண்டு, மூன்று நாள் கொடுக்கச் சொல்லும் கோட்ரைமொக்சசோல், நியூமோசிஸ்டிஸ் என்ற இன்னொரு பங்கசு நுரையீரலைப் பிடிக்காமலிருக்கத் தருவது. பிள்ளை நன்றாகத்தானே ஓடித் திரிகிறது என்று பலர் நிறுத்தும் குளிசையும் இதுதான். எந்தெந்த நாட்களில் கொடுப்பது என்று கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் டொக்டர்.