அம்பலமாவதல்ல உச்சக்காட்சி

விளையாட்டு வீரர்களின் தன்பாலீர்ப்புக் காதலை நாவலாக்குபவர்கள் பலர் சறுக்கும் இடம் ஒன்று: நாயகனின் ரகசியத்தைப் பிறர் அம்பலப்படுத்துவதை உச்சக்காட்சியாக்குவது. அடுத்த அத்தியாயத்திலேயே அரங்கம் கைதட்டினால், அவன் காயம் வெறும் திருப்பமாகச் சுருங்கிவிடும். அம்பலம் வேண்டுமென்றால் பின்விளைவுக்கு நான்கைந்து அத்தியாயம் ஒதுக்குங்கள்: இழுபடும் ஒப்பந்தம், உடை மாற்றும் அறையில் சட்டென விழும் மௌனம், கேலரியின் வசைக் கோஷம்.

பிரிட்டனின் தொழில்முறை ஆண்கள் கால்பந்தில் 1990-இல் ஜஸ்டின் ஃபாஷனு தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அறிவித்த அடுத்தவர் ஜேக் டேனியல்ஸ், 2022-இல். 32 ஆண்டு! பயத்துக்குத் தனியாக வில்லன் எதற்கு?

பெண்கள் அணியில் கணக்கே வேறு. அங்கே பலர் வெளிப்படையாகவே இருக்கிறார்கள். காதல் முறிந்த மறுவாரம் அதே அணியில் ஆடும் முன்னாள் காதலிக்கே பந்தைத் தள்ள வேண்டியிருப்பதுதான் சிக்கல்.