பொன்டெவேத்ராவில் தெருவின் நடுவிலேயே நடக்கலாம்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில் இருக்கிறது பொன்டெவேத்ரா. சுமார் 83,000 பேர் வாழும் ஊர். புதிதாகப் போகிறவர்கள் பழக்கதோஷத்தில் சுவரோரமாக ஒதுங்கி நடப்பார்கள். அங்கே அதற்கு அவசியமே இல்லை. பழைய நகரத் தெருக்களில் நடைமேடை, வண்டிப்பாதை என்ற பிரிவே கிடையாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே மட்டமாகக் கருங்கல் பாவியிருக்கிறார்கள். எப்போதாவது ஒரு கார் வந்தால், அதுதான் நமக்குப் பின்னால் ஊர்ந்து வர வேண்டும்.

இதன் பின்னால் இருப்பவர் மேயர் மிகெல் அன்ஷோ ஃபெர்னாந்தெஸ் லோரெஸ். தொழிலால் மருத்துவர். 1999இல் பதவியேற்ற ஒரு மாதத்துக்குள், பழைய நகரத்தில் சுமார் 3 லட்சம் சதுர மீட்டரை நடப்பவர்களுக்கு ஒதுக்கினார். 2023இல் ஏழாவது முறையாகவும் அவரே மேயரானார்.

கார்களை அவர் அடியோடு தடை செய்யவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஊருக்குள் சுற்றும் வண்டிகளில் பெரும்பகுதி இரண்டு வகை: ஊரைக் குறுக்கே கடந்து போகிறவை, நிறுத்த இடம் தேடி அலைகிறவை. முதல் வகைக்காக, உள்ளே நுழைந்த வண்டி நுழைந்த பக்கமே திரும்பும்படி ஒருவழித் தெருக்களை வளையமாக அமைத்தார்கள். இரண்டாவதற்காக, மையத்தில் தெருவோர நிறுத்தங்களை எடுத்துவிட்டு, ஊர் விளிம்பில் இலவச நிறுத்தங்களைத் திறந்தார்கள். சரக்கு வண்டி, ஆம்புலன்ஸ், உள்ளே கராஜ் வைத்திருப்பவர் எல்லாம் இன்றும் போகலாம்.

அதனால் வாடகைக் காரில் போகிறவர்கள் கைபேசி வரைபடத்தை நம்பி மையத்துக்குள் நுழைய வேண்டாம். சுற்றிவந்து புறப்பட்ட இடத்துக்கே வருவீர்கள். சரக்கு இறக்கும் இடத்தில் நிறுத்தினால், பலகையில் போட்டிருக்கும் சில நிமிடங்களைத் தாண்டியதும் அபராதம். விளிம்பில் விட்டுவிட்டு நடப்பதே நல்லது. சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவிலிருந்தோ வீகோவிலிருந்தோ ரயிலில் வருவது அதைவிட நல்லது.

கையில் இருக்க வேண்டியது ‘மெட்ரோமினூட்டோ’ வரைபடம். பார்க்க மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரியே வண்ணக் கோடுகள். ஆனால் கோடுகளில் ஓடுவது ரயில் அல்ல, நம் கால்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இடையே எத்தனை மீட்டர், எத்தனை நிமிட நடை என்று எழுதியிருக்கும். கணக்கு மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்துக்கு. குழந்தையோடு போனால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஊர் எவ்வளவு சின்னது என்று மக்களுக்கே காட்டிக்கொடுத்த இந்தத் தாள்தான், என் கணக்கில், இந்த மேயர் காலத்தின் மிகச் சிறந்த வேலை.

பெரெக்ரினா தேவாலயத்தில் தொடங்குங்கள். மேலிருந்து பார்த்தால் அதன் கட்டட அமைப்பே சிப்பி வடிவம். பக்கத்திலேயே ஃபெரெரியா சதுக்கம், அதையடுத்து லெஞ்ஞா, வெர்தூரா சதுக்கங்கள். அவசரப்படாவிட்டால் அரை நாள் போகும். கலீசியாவில் மழை அதிகம். நனைந்த கருங்கல் வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு அவசியம். மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை சிறு கடைகள் பல மூடியிருக்கும்.

சைக்கிளில் வருகிறவர்கள் மையத்தில் தனிப்பாதை தேடி ஏமாற வேண்டாம். நடப்பவருக்குத்தான் முதலிடம், சைக்கிள் அதற்கு அடுத்துத்தான். கூட்டமான தெருவில் நடைவேகத்துக்குக் குறைக்க வேண்டும், நெரிசலென்றால் இறங்கித் தள்ள வேண்டும். வெளித்தெருக்களில் கார்களோடு சேர்ந்தே ஓட்டலாம், ஏனென்றால் அங்கே வேகவரம்பு 30 கிலோமீட்டர்தான். நடப்பவர்கள் தெருவைக் கடக்கும் இடங்களையும் மேடாக்கியிருப்பதால் வண்டிகளால் சீற முடியாது.

சந்தியாகோ தே கொம்போஸ்தெலா தேவாலயத்துக்கு நடந்து போகும் கிறிஸ்தவ யாத்திரையின் போர்த்துகல் வழி இந்த ஊரின் நடுவேதான் போகிறது. யாத்திரிகர்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறிகளைப் பிடித்துக்கொண்டு புர்கோ பாலத்தில் லேரெஸ் ஆற்றைக் கடந்தால், அடுத்த தங்கல் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கால்தாஸ் தே ரெய்ஸ்.