ஸ்கூட்டி டைரி: முதுகுளத்தூர் பக்கம்

ஜூன் 11, 2024, செவ்வாய்

ஸ்கூல் தொறந்து ரெண்டாவது நாள். ஊர்ப் பிள்ளைங்கல்லாம் புது பேக் மாட்டிக்கிட்டு ஒரு பக்கம் போகுது, நான் ஸ்கூலுக்கே வர முடியாத பிள்ளைங்க வீட்டுக்குப் பயிற்சி குடுக்க இன்னொரு பக்கம் போறேன். லிஸ்ட்ல புதுசா ஒரு பையன், அஞ்சு வயசு, மூளை முடக்குவாதம், அதாவது மூளை பாதிச்சு கை கால் சொன்னபடி கேக்காது. பொறந்ததும் அழலயாம், கண்ணாடிப் பெட்டில வச்சிருந்தாங்களாம். அப்பத்தா சொல்ற கதை வேற, மருமக மாசமா இருக்கயில கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டாளாம். அந்தப் பொண்ணு குனிஞ்சபடியே முறத்துல அரிசி பொறுக்கிட்டு இருந்துச்சு. "கிரகணமெல்லாம் இல்ல ஆத்தா, பொறக்குறப்ப மூளைக்குக் காத்து பத்தாம போயிருக்கும்"னு பட்டுனு சொல்லிட்டேன். அப்பத்தா உள்ள எந்திரிச்சுப் போயிருச்சு. காபித்தண்ணி கூட இல்ல இன்னிக்கு.

ஜூன் 14, வெள்ளி

பையனைப் படுக்க வச்சுத்தான் கஞ்சி ஊத்துறாங்க. ஊத்த ஊத்த இருமுறான், பாதி மூச்சுக்குழாய்க்குள்ள போகுது, அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா நெஞ்சுச்சளின்னு ஆஸ்பத்திரி. மடியில நிமிர்த்தி உக்கார வச்சேன், தலை பின்னால சாயாம, தாடை லேசா கீழ பாத்தாப்ல. சோத்தைப் பருப்போட கெட்டியாக் குழைச்சு, ஸ்பூனைக் கீழ் உதட்டுல வச்சுட்டு சும்மா இருந்தோம். உள்ள தள்ளக்கூடாது. ரொம்ப நேரம் கழிச்சு மேல் உதடு மெதுவா இறங்கி வந்து இழுத்துக்கிச்சு பாருங்க, அவங்கம்மா வாயும் கூடவே தொறந்து மூடுச்சு.

ஒரு கிண்ணம் தீர நாப்பது நிமிஷம். "அக்கா, நான் நூறு நாள் வேலைக்கு ஓடணும், நாப்பது நிமிஷத்துக்கு எங்க போவேன்?"னு கேட்டுச்சு. நாள் கூலி 319 ரூபான்னு பேரு, செஞ்ச வேலைய அளந்து பாத்துட்டு அதையும் கொறைப்பாங்க. எனக்குப் பதில் வரல.

ஜூன் 20, வியாழன்

மெடிக்கல் கேம்ப். பொம்பளைங்களுக்கு டவுன்பஸ்ல டிக்கெட் கிடையாது, சரிதான், ஆனா பஸ் நிக்கிற எடத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் வெயில்ல தூக்கிட்டுத்தான வரணும். சர்டிபிகேட்ல ஊனம் 40 சதவீதமாவதுன்னு போட்டாத்தான் எதுவுமே நகரும், அடையாள அட்டை, மாசம் 2000 ரூபா பராமரிப்புத் தொகை எல்லாம் அதுக்கப்புறம். பாக்க வேண்டிய டாக்டர் வரல, அடுத்த மாசம் வாங்கன்னுட்டாங்க. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் வாய் வரைக்கும் வந்துச்சு.

ஜூன் 27, வியாழன்

கால் ரெண்டும் கத்திரி மாதிரி பின்னிக்குது. நான் எழுதிக் குடுத்த பயிற்சி பேப்பர் விட்டத்துல பத்திரமா சொருகி இருக்கு, அவ்ளோதான். யாரு செய்வா, நான்னாலும் செஞ்சிருக்க மாட்டேன். அப்பத்தா பையனக் கைக்குழந்தை மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்தித் தூக்குறதப் பாத்தேன். "இடுப்புல வைங்க ஆத்தா, காலு விரியும், முதுகும் நிமிரும்"னேன். "இம்புட்டுத்தானா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன தாயி"ன்னு வச்சுக்கிட்டாங்க. ஆறு பிள்ளை ஏறுன இடுப்பு.

ஜூலை 5, வெள்ளி

வேப்பமரத்தடியில குழி! நடை வராத பிள்ளைய அந்தக் காலத்துல மணல்ல குழி தோண்டி நிப்பாட்டுவாங்களாம், அப்பத்தாவே கடப்பாரை எடுத்துத் தோண்டியிருக்கு, சுத்தி சாக்கு வேற விரிச்சு. பையனை நிக்க வைக்கிற ஸ்டாண்டு கேட்டு நான் எழுதி ரெண்டு வாரமாச்சு, இங்க காசே இல்லாம வேலை முடிஞ்சிருச்சு. எனக்குக் கொஞ்சம் வெக்கமாவும் இருந்துச்சு. ஆழம் இடுப்பளவு சரியா இருந்துச்சு, கால் நடுவுல மட்டும் ஒரு துணிச்சுருள் வைக்கச் சொன்னேன், இருபது நிமிஷத்துக்கு மேல வேணாம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மட்டும்.

நிமிந்து நிக்கிறதால ரெண்டு கையும் சும்மா கெடக்கு, பக்கத்துல கட்டியிருந்த ஆட்டுக்குட்டி காதைப் புடிச்சுட்டு விட மாட்டேங்குறான், அது கத்துது, இவன் சிரிக்கிறான். அம்மா வேலைக்குப் போனதும் குழிக்கு முன்னால அப்பத்தா சம்மணம் போட்டு உக்காந்து ஸ்பூனோட காத்திருக்காங்க. நேரமா? அவங்ககிட்ட இருக்கு.

இடது குதிகால் மட்டும் இன்னும் தரையில படல. அடுத்த வாரம் அதைப் பாக்கணும்.