இரண்டாம் பெட்டியின் பிள்ளைகள்

ஆகஸ்ட் 11

மழை விட்டபாடில்லை. மூன்று நாளாகத் தேனீக்கள் வெளியே போகவில்லை. இன்று அந்தியில் சீனிப்பாகு வைத்தேன். ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர். காய்ச்சி ஆறவிட்டு, சிரட்டையில் ஊற்றி, ஈ விழுந்து சாகாமல் இருக்க நாலு ஈர்க்குச்சியை உடைத்துப் போட்டேன். பகலில் வைக்கக் கூடாது. வாசனை பிடித்து மற்ற கூட்டத்து ஈ கொள்ளையடிக்க வந்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பர் விளையில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். இரண்டும் நியூட்டன் பெட்டி. 1910 வாக்கில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம் அடுக்குத் தேனீயின் அளவுக்கு வடிவமைத்தது. கீழ் அறையில் ஈக்கள் அடை கட்ட ஏழு மரச்சட்டம். போன பங்குனியில் முதல் பெட்டி மேல் அறை வழிய வழியத் தேன் தந்தது. இரண்டாவது அதில் பாதிகூட இல்லை. அதை யாருக்காவது கொடுத்துவிட்டு, முதல் பெட்டியின் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 3

பெட்டித் தாங்கியின் கால்களுக்கு வைத்த சிரட்டைகளில் தண்ணீர் வற்றி, முசுறு எறும்பு ஏறிவிட்டது. இரண்டாம் பெட்டி வாசலில் ஈக்கள் வரிசையாக நின்று தடுத்துக்கொண்டிருந்தன. துடைத்து, தண்ணீர் ஊற்றி, சருகை விலக்கினேன். முதல் பெட்டியின் அடித்தட்டில் மெழுகுப்பூச்சியின் வலை கொஞ்சம் இருந்தது. சுரண்டி எடுத்தேன். காலையில் தைக்க வேண்டிய ஜாக்கெட் இரண்டு அப்படியே கிடக்கிறது.

அக்டோபர் 6

முதல் பெட்டியைத் திறந்ததிலிருந்து மனசு சரியில்லை.

புழு வளரும் அடை ஒரே சீராக மெழுகால் மூடியிருக்க வேண்டும். இன்று அங்கங்கே மூடி திறந்து, ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. திறந்த அறைகளில் புழு சுருண்டு கிடக்காமல் நீட்டி நிமிர்ந்து, தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. தையல் ஊசியின் காதுப் பக்கத்தால் ஒன்றை மெல்லத் தூக்கினேன். உடையாமல் முழுதாக வந்தது. தோல் ஒரு பையைப் போல, உள்ளே தண்ணீர் தேங்கித் தொங்கியது. நாற்றம் இல்லை. முன்பே செத்தவை பழுப்பாகிக் காய்ந்து, சின்ன வள்ளம் மாதிரி அறையோடு கிடந்தன.

இரண்டாம் பெட்டியையும் உடனே பார்த்தேன். சீராக மூடிய அடை. ஒரு புழுகூட அப்படி இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதைத் தொட்டுவிட்டேனே என்பதுதான் இப்போது பயம்.

அக்டோபர் 7

கிழக்கு வீட்டு மாமாவைக் கூட்டி வந்தேன். சட்டத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதுதான் மக்களே, 92-ல எங்க பெட்டி எல்லாத்தையும் கொண்டுபோனது” என்றார்.

தாய்லாந்து சாக்புரூட் வைரஸ். 1976-இல் முதலில் அங்கே கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். 1991, 92-இல் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. புழு கடைசித் தோலை உரிக்க முடியாமல் அதற்குள்ளேயே செத்துப்போகும். அடுத்த தலைமுறை ஈ வராது. இருப்பதும் வயசாகி உதிர, கூடு காலியாகும். மாமாவின் அப்பா, மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் பெட்டி வளர்க்கப் பழகியவர். அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் அங்கே தொடங்கிய கிராம வேலைகளில் தேனீ வளர்ப்பும் ஒன்று. அப்படி வந்த குடும்பத்தில், ஒரே வருஷத்தில் வரிசையாகக் காலிப் பெட்டிகள். அவற்றின் பலகையைக் கோழிக்கூட்டுக்கு எடுத்ததாகச் சொல்லும்போது மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அப்புறம் எப்படி மாமா திரும்ப வந்துது?”

“சாவாம கெடந்ததுன்னு ஒண்ணு ரெண்டு இருந்துது. அதுலேருந்துதான் பிரிச்சோம். தேன் எம்புட்டு தந்துதுன்னு யாரும் பாக்கல.”

ராத்திரி முழுக்க இந்தப் பேச்சுதான் தலைக்குள் ஓடியது.

இதற்கு மருந்து இல்லை. நோய் கண்ட அடைகளை எடுத்து எரித்தோம். ராணியைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்து, சட்டத்துக்கு நடுவே தொங்கவிட்டோம். முட்டை இல்லாவிட்டால் புதுப் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் வைரஸ் பெருக இடமில்லை. அதற்குள் வேலைக்கார ஈக்கள் கூட்டைச் சுத்தம் செய்துவிடும். இனி முதல் பெட்டிக்குத் தனிக் கத்தி, தனித் துணி.

அக்டோபர் 24

ராணியைத் திறந்துவிட்டேன். நாலு சட்டத்துக்குத்தான் ஈ இருக்கிறது. தினமும் பாகு.

நவம்பர் 30

ஒக்கிப் புயல் வந்த நாள். 2017-இல் இதே தேதியில் இந்த விளையில் நின்ற ரப்பர் மரங்களில் பாதி சாய்ந்தன. அந்த வருஷம் வீட்டுக்காரருக்குப் பால்வெட்டு வேலையே இல்லை. இப்போது பெட்டிகள் இருக்கும் இடம் அன்று வேரோடு பிடுங்கிய குழி. புதிதாக நட்ட மரங்கள் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டன.

முதல் பெட்டியில் மறுபடியும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீட்டிக் கிடக்கும் புழு. இரண்டாம் பெட்டியில் ஏழு சட்டத்திலும் ஈ அப்பிக் கிடக்கிறது. கீழ் ஓரத்தில் ஆண் ஈ அறைகள் வந்துவிட்டன. அவற்றை அடையாளம் காண்பது சுலபம்: மூடி கொஞ்சம் கூம்பாக எழும்பி, உச்சியில் குண்டூசி குத்தியது போல ஒரே ஒரு துளை இருக்கும். நம் தேனீக்கே உரியது அது. ஆண் ஈ வந்தால் அடுத்து புது ராணி வளரும் ராணி அறை வரும். பிரிக்கிற காலம் நெருங்குகிறது.

எதிலிருந்து பிரிப்பது என்பதில் எனக்கு இப்போது குழப்பமே இல்லை. ஆகஸ்டில் நான் எழுதியதை இன்று வாசித்தபோது நெஞ்சு பதறியது. இந்தப் பெட்டியையா கொடுத்துவிட நினைத்தேன்!

டிசம்பர் 10

இரண்டாம் பெட்டியின் அடை ஓரங்களில் நிலக்கடலைத் தொலி மாதிரி தொங்கும் ராணி அறைகள் ஐந்து.

இன்று முதல் பெட்டி ராணியை எடுத்தாக வேண்டும். அது இருக்கும்போது இரண்டாம் பெட்டியின் ராணி அறையை அங்கே வைத்தால் உடைத்துப்போடும். என் கையால் முடியவில்லை. போன வருஷம் அத்தனை தேனும் அதன் பிள்ளைகள் கொண்டு வந்தது. மாமா வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினார். “பாவம்தான். கூட்டம் பெழைக்கணும்லா” என்றார். நான், ஈயை அடக்கப் போட்ட தேங்காய்க் கதம்பைப் புகையைப் பார்ப்பது போல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

டிசம்பர் 12

ராணி அறைகளில் இரண்டின் நுனியில் ஈக்கள் மெழுகைச் சுரண்டி எடுத்திருந்தன. உள்ளே பழுப்பு நிறக் கூடு தெரிந்தது. நாளை, நாளை மறுநாள் பொரிந்துவிடும் என்று அர்த்தம். ஒன்றை அடைத்துண்டோடு அறுத்து முதல் பெட்டியில் பொருத்தினேன். இன்னொன்று இருக்கும் சட்டத்தையும், கூடவே இரண்டு சட்டத்தையும் ஈயோடு எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்து, விளையின் மேற்கு மூலைக்குக் கொண்டுபோனேன். சட்டத்தைச் சாய்க்காமல், குலுக்காமல் நடக்க வேண்டும். முப்பதடி தூரம்தான். அவ்வளவு மெதுவாக நான் நடந்ததே இல்லை.

டிசம்பர் 30

“ராணியத் தேடாத மக்களே, முட்டையத் தேடு” என்பார் மாமா. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மூன்றாம் பெட்டியின் நடுச் சட்டத்தைத் தூக்கினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்ததும் தெரிந்தது. அறையின் அடியில், நூலை மிகப் பொடியாக நறுக்கி நிறுத்தியது போல வெள்ளையாக ஒன்று. பக்கத்து அறையிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். ஓர் அறைக்கு ஒன்றுதான். இரண்டு மூன்றாகக் கிடந்தால் ராணி இல்லாமல் வேலைக்கார ஈக்களே இடுகின்றன என்று பொருள்.

முதல் பெட்டியில் இன்னும் இல்லை.

ஜனவரி 3

முதல் பெட்டியிலும் முட்டை!

பிப்ரவரி 5

ரப்பர் இலை முழுக்க உதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுத் துளிர் விட்டு, இப்போது இளம்பச்சை ஆகிறது. துணி கொடுக்க வந்தவர்கள் “ரப்பர் பூவுல நல்ல தேனா?” என்று கேட்கிறார்கள். தேன் பூவில் இல்லை, இலையில். தாழ்ந்த கொப்பு ஒன்றை இழுத்துக் காட்டினேன். மூன்று சிற்றிலைகளும் காம்பில் வந்து சேரும் இடத்தில் கடுகைவிடச் சிறிய சுரப்பிகள். காலை வெயிலில் அவற்றின் மேல் பளபளவென்று நீர்த்துளி. நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பு.

அதனால்தான் இந்த மாதம் ஈக்கள் வரும்போது காலில் மகரந்தம் இருக்காது, வயிறு மட்டும் கனத்திருக்கும். மகரந்தத்துக்குத் தென்னைதான். பனி அதிகமானால் துளிரில் சாம்பல் நோய் விழுந்து இலை உதிரும், தேனும் போகும். தினமும் விடியற்காலையில் எழுந்து பனியைப் பார்க்கிறேன்.

மார்ச் 9

முதல் தேன். முக்கால்வாசி மூடிய சட்டங்களை மட்டும் எடுத்தோம். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துவிடும். கத்தியை வெந்நீரில் நனைத்து மூடியைச் சீவ, மாமா தேன் பிரிக்கும் டிரம்மைச் சுற்றினார். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அவர் இன்றும் ஒருமுறை சொன்னார். ஒவ்வொரு வருஷமும் சொல்வார் என்று நினைக்கிறேன். எனக்கும் கேட்கப் பிடித்திருக்கிறது.

முதல் பெட்டியில் பழைய ராணியின் பிள்ளைகள் இனி இருக்காது. புழு அடை வெள்ளைத் துணி விரித்தது போல மூடிக் கிடக்கிறது. நாலு சட்டத்திலும் தேடினேன். நீட்டிக் கிடப்பது ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 13

கடைசி முறைத் தேன். மூன்று பெட்டியிலும் மேல் அறையில் இரண்டிரண்டு சட்டத்தைத் தொடாமல் விட்டேன். “ஆடி வரைக்கும் ஈக்கு இந்தத் தேன் காணுமா?” என்று மாமா கேட்டார். காணாது. சீனிக்கு இப்போதே பணம் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றாம் பெட்டிக் கால்களுக்குப் பெரிய சிரட்டையாக நாலு பார்க்க வேண்டும். இருப்பது சீக்கிரம் வற்றிவிடுகிறது.