கௌஃப்மனோடு ஒரு கொங்குச் சுற்று: கோவை, ஈரோடு, பொள்ளாச்சி

விடிகாலையில் ரேடியோவைத் திருகினால் தம்புராவின் மேல் ஒற்றை வயலின் சிவரஞ்சனியில் எழும்பி வருமே, ஆகாசவாணியின் அந்த அடையாள இசையை அமைத்தவர் வால்டர் கௌஃப்மன் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். 1907இல் இன்றைய செக் நாட்டிலுள்ள கார்ல்ஸ்பாடில் பிறந்த யூதர். 1934இல் பம்பாய் வந்தார், அங்கே வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்தார், 1946இல் கிளம்பிப் போனார். அந்தச் சில நொடி மெட்டு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அவர் எழுதிய வயலின்-பியானோ சொனாட்டாக்களை, அதாவது சில பகுதிகளாகப் பிரிந்து வரும் உருப்படிகளை, யாரும் சீண்டவில்லை. டொராண்டோவின் ஏஆர்சி என்சாம்பிள் என்ற இசைக்குழு 2020இல் ஒரு இசைத்தட்டு வெளியிட்ட பிறகுதான் இரண்டாம் சொனாட்டாவும் 12ஆம் சொனாட்டினாவும் (சின்ன சொனாட்டா) நம் காதுக்கு எட்டின.

இப்படி மறந்துபோன 20ஆம் நூற்றாண்டு இசையை எடுத்துக்கொண்டு, வயலின் ஒருவர் பியானோ ஒருவர் என்று கொங்கு நாட்டில் ஊர் ஊராகப் போவதானால், முதல் உருப்படி கௌஃப்மனாகவே இருக்கட்டும். வாசிக்கும் முன் அந்த ரேடியோ மெட்டை வயலினில் ஒரு முறை இழுத்துக் காட்டினால் போதும். ஐம்பது வயது தாண்டியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குமேல் முன்னுரை எதுவும் வேண்டாம்.

அடுத்தது ஜான் ஃபோல்ட்ஸ். இங்கிலாந்துக்காரர், 1935இல் இந்தியா வந்து தில்லி வானொலியில் வேலை பார்த்தவர், 1939இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். அவருடைய 'எஸ்ஸேஸ் இன் த மோட்ஸ்' பியானோவுக்கு மட்டுமானது. ஒவ்வொரு உருப்படியும் ஒரே ஸ்வர வரிசைக்குள் நிற்கும், அந்நிய ஸ்வரம் எட்டிப் பார்க்காது. மேளகர்த்தா எனும் நம் 72 தாய் ராகங்கள் தெரிந்த சபைக்கு இதை விளக்கவே தேவையில்லை, ஆரோகணத்தை ஒரு முறை வாசித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். வயலின்காரர் பின்னால் போய்ச் சுருதி சரிபார்க்கவும் இந்த இடைவெளி உதவும். வானொலியில் ஆர்மோனியம் கூடாது என்று எழுதியவரும் இதே ஃபோல்ட்ஸ்தான். கட்டைகளில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, வராது என்று கண்டித்தவர், அதே கட்டைகளில் நம் மேளகர்த்தாக்களைத் தேடியிருக்கிறார்!

பிறகு போலந்தின் கிராஸினா பாட்ஸெவிச், நான்காம் சொனாட்டா, 1949. இடைவேளை. கடைசியாக எர்வின் ஷுல்ஹாஃப், இரண்டாம் சொனாட்டா, 1927. பிராகில் பிறந்து 1942இல் ஜெர்மனியின் வூல்ட்ஸ்பர்க் தடுப்பு முகாமில் காசநோயில் செத்துப்போன மனிதர். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஆறரைக்கு ஆரம்பித்தால்தான் டவுன் பஸ்ஸை நம்பி வந்தவர்கள் கடைசி வரை இருப்பார்கள்.

அனுமதி விஷயத்தை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். நம் சட்டப்படி, ஆசிரியர் இறந்த மறுவருஷம் முதல் 60 ஆண்டு காப்புரிமை. ஃபோல்ட்ஸுக்கும் ஷுல்ஹாஃபுக்கும் அது முடிந்துவிட்டது. பாட்ஸெவிச் 1969இல் இறந்ததால் 2029 கடைசி வரை, கௌஃப்மன் 1984 என்பதால் 2044 கடைசி வரை கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். நோட்டுகளை 100 ஜிஎஸ்எம் தாளில் அச்செடுங்கள், 80 என்றால் மண்டப ஃபேன் காற்றில் மடங்கி விழும். துணி கிளிப் நாலு எடுத்துப் போங்கள்.

கோவையில் பள்ளிகளிலும் சர்ச்சுகளிலும் பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் பெட்டி) பியானோ கிடைத்தால் முதலில் ட்யூனரைக் கூட்டிப் போய் ஏ ஸ்வரத்தை அளந்து பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது பல இடங்களில் இறங்கிக் கிடக்கும். 430 வரை என்றால் வயலினை இறக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். அதற்கும் கீழே என்றால் ஒரே மூச்சில் ஏற்றச் சொல்லாதீர்கள். துருப்பிடித்த தந்தி அறும், ஏற்றியதும் ராத்திரிக்குள் திரும்ப இறங்கும், ஏனென்றால் 230 தந்திகளின் இழுப்பு மொத்தமாக மாறும்போது உள்ளே இருக்கும் ஒலிப்பலகையும் அசையும். இரண்டு சுற்றாக, சில நாள் இடைவெளியில் ஏற்ற வேண்டும். அப்ரைட்டுக்குச் சத்தம் வருவது முதுகிலிருந்து, ஆகவே சுவரைவிட்டு ஒரு அடியாவது நகர்த்துங்கள், மேல்மூடியைத் திறந்து வையுங்கள்.

ஈரோட்டில் கல்யாண மண்டபம்தான் கிடைக்கும், பியானோவை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அப்ரைட் 200 கிலோவுக்கு மேல், ஆறு பேர், டெம்போ, ஏற்றி இறக்கியதும் மறுபடி ட்யூனிங். அந்தச் செலவுக்கு நிஜப் பியானோ போல் கனக்கும் 88 வெயிட்டட் கட்டைகளும், பாதி அழுத்தினாலும் வேலை செய்யும் அரைப் பெடல் வசதியும் உள்ள டிஜிட்டல் பியானோ மேல். உம்ம்ம் என்று இரைச்சல் வந்தால் பியானோவையும் மிக்சரையும் ஒரே பிளக்கில் போடுங்கள், இடையில் டிஐ பாக்ஸ் (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வையுங்கள். முக்கால்வாசி அடங்கிவிடும்.

மைக் செட் அண்ணனிடம் பொறுமையாகப் பேச வேண்டும். "எக்கோ வெச்சாத்தானுங்க வயலின் கெத்தா இருக்கும்" என்பார். மண்டபத்தில் டைல்ஸ் தரையே போதுமான எக்கோ கொடுக்கிறது, அதன் மேல் மிக்சரிலும் வைத்தால் ஷுல்ஹாஃப் சொனாட்டாவின் பர்லெஸ்கா என்ற பகுதி முழுக்கக் குழம்பாகிவிடும். "எக்கோவை ஜீரோ பண்ணிருங்க அண்ணா, ஆளுக உக்காந்தப்பறம் ஒருக்கா கேட்டுப் பாத்துக்கலாம்" என்றால் கேட்பார். வயலினில் ஒட்டும் மைக் வேண்டாம், ஒரு மீட்டர் தள்ளி ஸ்டாண்ட் மைக்.

கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை வழி ஈரோடு சுமார் 100 கிலோமீட்டர். சித்திரை வெயிலில் சாப்பிட நிறுத்தினால் வயலினைக் காரில் விட்டுப் போகாதீர்கள், டிக்கி நினைப்பே கூடாது. சூட்டில் மரத்தை ஒட்டிய வஜ்ரப் பசை இளகி ஓரம் வாய் பிளக்கும், வில்லும் வளைந்துவிடும். காய்ந்த காற்றில் தந்தியை முறுக்கும் பிருடைகள் சுருங்கி நழுவும், சாக்பீஸ் பொடி கொஞ்சம் தடவினால் நிற்கும்.

கோவையிலிருந்து பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் கதை தலைகீழ். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போது அதே பிருடை திருகவே வராது, இறுக்கித் திருகினால் தந்தி அறும். இங்கே பென்சில் கரியைத் தேய்க்க வேண்டும். மேல் ஈ தந்தி இரண்டு உபரியாக இருக்கட்டும். காற்று வரும் பக்கத்து ஜன்னல்களை ஐந்தரைக்கே மூடச் சொல்லுங்கள், மறுபக்கம் திறந்தே இருக்கலாம். சொனாட்டா முழுதும் முடியும்வரை காத்திராமல் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கைதட்டுவார்கள். தட்டட்டும், அந்த நேரத்தில் சுருதி பார்த்துக்கொள்ளலாம். ஒன்ஸ்மோர் கேட்டால் பாட்ஸெவிச்சின் ஓபெரெக் (போலந்து நாட்டுப்புற நடன மெட்டு) இருக்கிறது, இரண்டே நிமிஷம்.