கட்சிப் பதிவு: உயிரை வாங்கிய நூறு பேர் காகிதம்

ஒருவழியாக டெல்லியிலிருந்து பதிவுக் கடிதம் வந்துவிட்டது. கட்சிக்கு என்ன பெயர், கொடியில் என்ன நிறம் என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டோம். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. நூறு உறுப்பினர்களின் காகிதங்களைச் சேர்ப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிட்டது.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி, கட்சி தொடங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். தொடக்கக் கூட்டம் போட்டு மாலை மரியாதை எல்லாம் முடிந்த பிறகு வாக்காளர் பட்டியலைத் தேடிக் கிளம்பினால் கதை முடிந்தது. அதை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.

நூறு பேரும் வாக்காளர்கள்தான் என்பதற்குச் சான்றிட்ட பட்டியல் நகல் கேட்கிறார்கள். தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவில் இருந்தவர் தலை நிமிராமலே, “அதான் நெட்லயே இருக்கே, பிரிண்ட் எடுத்துக்கங்க” என்றார். அதில் அலுவலர் கையெழுத்தும் முத்திரையும் இருக்காதே சார் என்றேன். “கட்சி ஆரம்பிக்கிறதுக்கா? கலெக்டர் ஆபீஸ் போங்க.” அங்கே போனால், இது தாலுகா வேலை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வந்த தம்பிக்கு நான் என்ன பதில் சொல்வது?

கடைசியில் ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறைகளை அச்செடுத்து, சான்றிட்ட நகல் கேட்கும் பத்தியை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு, மனுவோடு பின் அடித்துத் தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கினேன். முத்திரை விழுந்ததும் அதே மனிதர் நாற்காலி எடுத்துப் போட்டார்! தொகுதி, பாகம் எண், வரிசை எண் மூன்றையும் நீங்களே அட்டவணை போட்டுக் கொண்டுபோனால், தேட வேண்டும் என்று இழுத்தடிக்க வழியிருக்காது.

நகல் கொடுத்தால் போதாது. வேறு எந்தப் பதிவு பெற்ற கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்று நூறு பேரும் தனித்தனியாகப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், நோட்டரி முன்னிலையில். ஒருவர் எப்போதோ மிஸ்டு கால் கொடுத்து ஒரு பெரிய கட்சியில் சேர்ந்திருக்கிறார். கையெழுத்துப் போடும் நேரத்தில் அவர் மனைவிதான் ஞாபகப்படுத்தினார். இன்னொருவர் ஆதாரில் செல்வராஜ், பட்டியலில் செல்வராசு. பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். நூறோடு நிறுத்தாமல் கூடுதலாக ஒரு இருபது பேரைத் தயாராக வைத்திருங்கள், கடைசி நேரத்தில் சொந்தக்காரர்கள்தான் முதலில் நழுவுவார்கள்.

கட்டணம் 10,000 ரூபாய், டிடி. கட்சிப் பெயரில் கணக்குத் தொடங்கப் போனால் வங்கியில் பதிவுச் சான்று கேட்டார்கள். பதிவே இனிமேல்தான் என்றால் யார் காதில் விழுகிறது? பொருளாளரின் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்தோம்.

விதிமுறைகளை எழுதித் தந்த வக்கீல் நண்பர், அரசியலமைப்புக்கு உண்மையான விசுவாசம் என்று வரும் உறுதிமொழியைக் கொஞ்சம் மெருகேற்றியிருந்தார். தட்டச்சுக்குப் போகும் முன் பார்த்து அந்த மெருகை நீக்கிவிட்டேன். 29ஏ(5)இல் உள்ள வாசகம் அப்படியே இருக்க வேண்டும், அங்கே யாரும் இலக்கியம் எதிர்பார்க்கவில்லை. பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று நாங்கள் கொடுக்க வேண்டிய பத்திரிகை அறிவிப்பு, அதைப் பார்த்து யாராவது ஆட்சேபணை சொல்வதற்கான 30 நாள் எல்லாம் தொல்லையில்லாமல் கழிந்தன. விளம்பரச் செலவை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், பதிவுக் கட்டணமெல்லாம் அதன் முன் சில்லறை.

பதிவு ஆனதும் சின்னம் கிடைத்துவிடும் என்று எங்கள் ஆட்களே சுவரில் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அப்படியில்லை. பொதுச் சின்னத்துக்கு, அதாவது கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே சின்னம் கேட்டு, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தல் என்றால் குறைந்தது 5 சதவீதத் தொகுதிகளில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டின் 234இல் அது 12 தொகுதி. நிற்காமலும் இருந்துவிட முடியாது: 2019 முதல் எந்தத் தேர்தலிலும் போட்டியிடாத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் ஆணையம் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. எங்களிடம் இப்போதைக்கு வேட்பாளராக நிற்கத் துணிந்தவர்கள் நான்கு பேர்.